மலைப்பாதை ஓட்டத்துக்கு முதல் ஷூ

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும். கடைசித் துளை வரை லேஸை இறுக்கிய பிறகும் குதிகால் எழும்பினால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, அடிப்பாகத்துப் பற்கள். ஏற்காடு மாதிரி மலையில் காய்ந்த, இறுகிய பாதைக்கு 3–4 மி.மீ. உயரம் போதும். மழைக்காலச் சேற்றுக்கு 5–6 மி.மீ. வேண்டும், பற்களும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் மண் அப்பிக்கொண்டு வழுக்கும். தார்ச்சாலையில் இவை சீக்கிரம் தேயும்.

தண்ணீர் புகாத மாடலுக்கு விலை கூட. நம் மழைக்கு அது வீண்: கணுக்கால் வழியே இறங்கிய தண்ணீர் உள்ளேயே தேங்கும். வலைத்துணியே மேல்.