அவசர மருத்துவப் பை: அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990 என்ற எண்ணில் அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸில் வருபவராக இருக்கட்டும், ஆடிவேல் விழாவிலும் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளிலும் முதலுதவிக்கு நிற்கும் தொண்டராக இருக்கட்டும், தோளில் தொங்கும் பை சரியில்லை என்றால் படித்த படிப்பு பாதிதான் உதவும். பொருள் இல்லாமல் தடுமாறுவதைவிட, பொருள் பைக்குள் இருந்தும் கைக்கு வராமல் தடுமாறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதற்கு முக்கியக் காரணம், பையை மருந்துக்கடைத் தட்டுப் போல அடுக்குவது. ஊசிகள் ஒரு பக்கம், பண்டேஜ் ஒரு பக்கம், மருந்துகள் இன்னொரு பக்கம். பார்க்க அழகுதான். ஆனால் ஒருவருக்குக் கனூலா (இரத்த நாளத்தில் செருகும் மெல்லிய குழாய்) போட கனூலா, ஸ்பிரிட் பஞ்சு, கையில் கட்டும் ரப்பர் பட்டி, பிளாஸ்டர், சேலைன், சிரிஞ்ச் எல்லாம் ஒன்றாக வேண்டும். அவற்றை ஆளுக்கொரு அறையில் வைத்தால் ஒவ்வொரு சிப்பாகத் திறந்து தேட வேண்டியதுதான். வேலைவாரியாகப் பிரித்து வையுங்கள்: இரத்தப்போக்குக்கு ஒரு பொதி, சுவாசத்துக்கு ஒன்று, கனூலாவுக்கு ஒன்று, கடும் ஒவ்வாமைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் ஒரே வண்டியில் வேலை செய்யும் ஊர் இது. நிறத்தைச் சொன்னால் இருவருக்கும் உடனே புரியும்.

இரத்தப்போக்குப் பொதி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அதிலுள்ள டூர்னிக்கேயை (இரத்தத்தை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் பட்டியை) கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு வைக்காதீர்கள். உறையைப் பிரித்து, காலில் நுழைக்கும் அளவுக்கு வளையமாக்கி வையுங்கள். இரத்தம் வழுக்கும் கையுறையோடு உறை கிழிப்பது லேசான வேலையல்ல.

அட்ரினலின் விஷயத்தில் தயவுசெய்து கூடுதல் கவனம் எடுங்கள். அது 1:1000, 1:10,000 என இரண்டு செறிவுகளில் வரும். முதலாவதில் ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம். இரண்டாவதில் அதே 1 மில்லிகிராமுக்கு 10 மில்லிலீற்றர். கடும் ஒவ்வாமை வந்த பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம், இரத்த நாளம் வழியே. இரண்டையும் ஒரே அறையில் போட்டு வைத்து, இருட்டில் மாறி எடுத்து, நாடித்துடிப்பு உள்ள ஒருவருக்கு முழு அளவையும் இரத்த நாளத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வாமைப் பொதியில் 1:1000 மட்டும், அதற்கான சிரிஞ்சோடும் அளவு எழுதிய அட்டையோடும் இருக்க வேண்டும்.

அடுத்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் திணிப்பது. வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் ஏழாம் மாடிக்குப் போக வேண்டும், மின்சாரம் இல்லை, லிப்ட் நிற்கிறது என்று வையுங்கள். பையோடு ஒட்சிசன் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குத் தேவையானது தோள்பையில் இருந்தால் போதும். மிச்சம் வண்டியில் இருக்கட்டும். ஆனால் எடை குறைக்கிறோம் என்று குழந்தைகளுக்கான சுவாச மாஸ்க்கை எடுத்துவிடாதீர்கள். பெரியவர் மாஸ்க் குழந்தையின் முகத்தில் பொருந்தாது, காற்று பக்கவாட்டில் போய்விடும்.

சிலிண்டரில் "இருக்கு" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நிமிடத்துக்கு இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். 400 லீற்றர் இருந்தால், நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் 40 நிமிடம்தான். கொழும்பின் காலி வீதி நெரிசலில் அதில் எவ்வளவு கரையும் என்பது உங்களுக்கே தெரியும்.

கொழும்பு வெயிலையும் ஈரப்பதத்தையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அட்ரினலினைப் பொதுவாக 25 பாகைக்கு மேல் போகாமல், வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்திய, கண்ணாடி மூடிய வண்டி அதைத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை அதன் சொந்தக் குப்பியிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போடவே கூடாது. ஈரம் பட்டால் தப்பான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் நாம் மருந்து கொடுப்போம்.

காலாவதித் திகதி பார்ப்பதற்கு ஒரு சுலப வழி உண்டு. பொதியைச் சரிபார்த்ததும் இலக்கமிட்ட பிளாஸ்டிக் சீல் போட்டு, உள்ளே இருப்பவற்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அந்தத் திகதியை வெளியே எழுதிவிடுங்கள். சீல் உடையாமல், திகதியும் தாண்டாமல் இருந்தால் அந்தப் பொதியை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பற்றரியில் வேலை செய்பவற்றை மட்டும் ஒவ்வொரு ஷிப்டிலும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டதும் அடுத்த அழைப்பு வந்துவிட்டது, நிரப்ப நேரமில்லை என்றால்? என்ன குறைகிறது என்று ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதிப் பையின் வெளியே ஒட்டிவிட்டு, கூட வருபவரிடமும் வாயால் சொல்லிவிட்டு ஏறுங்கள்.