பழைய கௌபாய் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலிவுட்டின் பழைய கௌபாய் படங்களில் எந்தச் சமூகத்துக்கு என்ன இடம் கிடைத்தது என்று எழுத வருகிறவர்கள், திரையில் தெரியும் தலைகளை எண்ணிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் நூறு பேர் குதிரையேறி வந்தால் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டதாகாது.

ஜான் ஃபோர்டு 1956இல் எடுத்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தையே பாருங்கள். கதை நடப்பது டெக்சாஸில், எதிரிகள் கோமான்சி என்ற பூர்வகுடி இனத்தவர். படமாக்கியதோ வேறொரு பூர்வகுடி இனமான நவஹோ மக்களின் நிலமான மான்யுமென்ட் பள்ளத்தாக்கில். கோமான்சி வீரர்களாகத் தூரத்தில் தெரிகிறவர்கள் நவஹோக்கள். வசனமும் குளோசப்பும் உள்ள தலைவன் வேடத்தில் ஜெர்மனியில் பிறந்த வெள்ளையர் ஹென்றி பிராண்டன். எவ்வளவு ஒப்பனை போட்டும் அவருடைய நீலக் கண்களை மறைக்க முடியவில்லை. யாருக்கு வசனம், யாருக்கு குளோசப் என்று பார்க்காமல் எழுதும் விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

கதை பூர்வகுடிகள் பக்கம் நிற்கிறது என்றதும் மனம் நிறைந்துவிடுவதும் தவறு. ஷையன் மக்களின் துயரத்தைச் சொல்வதற்காகவே ஃபோர்டு 1964இல் 'ஷையன் ஆட்டம்' (Cheyenne Autumn) எடுத்தார். அதிலும் தலைவர்களாக வருகிறவர்கள் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பானும் கில்பர்ட் ரோலண்டும். சுற்றி நிற்கும் நவஹோக்கள் பேசுவது நவஹோ மொழி. படம் அதை ஷையன் மொழியாகக் காட்டுகிறது. டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு நவஹோவும் அப்பாச்சியும் வெவ்வேறு மக்கள் என்பது பள்ளி வயதிலேயே தெரியும். எழுதும்போது மட்டும் எல்லாரையும் ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம்.

'அந்தக் காலம் அப்படி, நடிகர்கள் எங்கே கிடைத்தார்கள்?' என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1914இலேயே ஹோ-சங்க் என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த லில்லியன் செயின்ட் சிர், செசில் பி. டிமில் படத்தில் முக்கிய வேடத்தில் நடித்துவிட்டார். 1950இல் வந்த 'புரோக்கன் ஏரோ' படத்தில் மோஹாக் என்ற பூர்வகுடி இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் இருந்தார். அவருக்குக் கிடைத்தது அப்பாச்சி தலைவன் ஜெரோனிமோ என்ற சிறிய வேடம். இன்னொரு அப்பாச்சி தலைவனான கொச்சிஸ் என்ற பெரிய வேடம் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளையருக்குப் போனது, ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கே. நடிகர் இல்லாமலா போனார்?

இன்றைய படமொன்றில் கறுப்பின கௌபாய் வந்தால், வரலாற்றை வளைக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. கௌபாய்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. கயிறு வீசி மாடு பிடிக்கும் கலையே மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. வரலாற்றை வளைத்தவை அவர்களை விட்டுவிட்ட பழைய படங்கள்தான். 1960இல் 'சார்ஜென்ட் ரட்லெட்ஜ்' படத்தின் தலைப்புப் பாத்திரத்தைக் கறுப்பின நடிகர் வூடி ஸ்ட்ரோட் ஏற்றார். டைட்டிலில் முதல் பெயரோ வெள்ளையரான ஜெஃப்ரி ஹன்டருடையது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு எல்லாப் படங்களையும் ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறிவதும் சரியல்ல. 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில் ஹெலன் ராமிரெஸ் ஊரில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர். ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலோடு அவர் ஸ்பானிஷில் சில வார்த்தை பேசும் இடத்தில் சப்டைட்டில் கிடையாது. இந்த ஊரில் மெக்சிகோ பெண்ணாக வாழ்வது எப்படிப்பட்டது என்பதை மார்ஷலின் வெள்ளைக்கார மனைவியிடம் நேருக்கு நேர் சொல்கிறார். அந்த வேடத்தில் நடித்த மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோவுக்கு, சிறந்த துணை நடிகைக்கான கோல்டன் குளோப் விருது கிடைத்தது.