முகத்தில் மங்கு: லேபம் போடுமுன்னும் போட்ட பின்னும்

கன்ன மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, தவிட்டு நிறத்தில் படரும் கறுப்புத்தான் மங்கு. கடிக்காது, எரியாது, செதில் உதிராது. ஆயுர்வேதத்தில் இதற்கு வியங்கம் என்று பெயர். கோபத்தாலும் அலுப்பாலும் கெட்ட வாதம் பித்தத்தோடு சேர்ந்து முகத்தில் வலியில்லாத, மெல்லிய, கருநிற வட்டத்தை உண்டாக்கும் என்பது பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை சொல்வது. தோல் மருத்துவர்கள் வெயில், கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, குடும்பவழி என்று காரணம் சொல்வார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வெயிலும் அடுப்புச் சூடும் மங்குக்கு ஆகாது.

முதலில், அது மங்குதானா என்று பாருங்கள். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுத்திருந்தால் லேபம் என்ற பூச்சு மருந்தை அரைத்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் கறுப்பென்றால் ஒட்டுப்பொட்டின் பசையோ குங்குமத்தின் சாயமோ ஒவ்வவில்லை. அதை நிறுத்தாமல் எந்த மருந்தும் பிடிக்காது. விளிம்பு சிவந்து, வட்டமாகப் பரவி, கடித்தால் அது படை. வெளிறிய அல்லது செம்மை ஓடிய திட்டில் தொடுகை தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இந்த நோய் இன்னும் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். அந்த மருந்தில் உள்ள குளோபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். அதை மங்கு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்து முடிந்த பின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும்.

மங்குதான் என்று தெரிந்தால் முதல் வேலை வெயிலைத் தடுப்பது. வயல் வேலைக்கும் வாவிக்கும் போகிறவர்களுக்கு மேலிருந்து விழும் வெயிலோடு, தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டு எதிரே தெறிப்பதும் சேரும். குடை மட்டும் போதாது. விளிம்பு அகன்ற தொப்பி வேண்டும், சால்வையோ முந்தானையோ கன்னத்தை மூட வேண்டும். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் முடிந்தவரை நிழலில் நில்லுங்கள். சன்கிறீம் பூசினால் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தோல் நிறச் சாயம் கலந்த வகை மங்குக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதைத் தடுப்பது அந்தச் சாயத்தில் உள்ள இரும்பு ஒக்சைட்டுத்தான். விறகடுப்பின் முன் குனிந்து நின்று ஊதுகிறவர்கள் அடுப்பைச் சற்றுத் தள்ளி வைப்பதும் மருந்தில் சேர்த்திதான்.

இனி லேபம். நம் நிறத் தோல் எரிந்தால் கறுக்கும். இதை மனதில் வைத்தால் பாதிப் பிழை வராது.

தொடங்குவதற்கு மைசூர்ப் பருப்பு லேபம் போதும். நம் கடைகளில் பருப்பு என்று கேட்டால் தருவது அதுதானே. இரண்டு மேசைக்கரண்டிப் பருப்பைக் கழுவி, காய்ச்சி ஆறிய பசும்பால் நான்கு மேசைக்கரண்டி விட்டு, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணித்தியாலம் ஊற விடுங்கள். வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் பால் புளித்துவிடும், புளித்த பால் எரியும். ஊறியதை அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, கடைசியில் பசுநெய் அரைத் தேக்கரண்டி கலவுங்கள். ஏழு இரவில் முகம் தாமரை இதழ் போலாகும் என்று பழைய சுலோகம் ஒன்று இந்த லேபத்துக்குச் சொல்கிறது. அது கவிதை, எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

பருப்பு லேபம் ஒத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் பருவோ சிவப்போ வரவில்லை என்றால் மஞ்சிட்டி என்ற மருந்து வேருக்குப் போகலாம். மஞ்சிட்டியையோ மருதம்பட்டையையோ தேனில் குழைத்துப் பூசுவது வியங்கத்துக்குப் பழைய நூல்கள் சொல்லும் முறை. மருந்துச் சரக்குக் கடையில் மஞ்சிட்டி என்று கேட்டுத் தெரியாவிட்டால் வெல்மதட்ட என்று சிங்களப் பெயரால் கேளுங்கள். தூளாக வாங்காமல் வேராக வாங்குவது நல்லது. உடைத்தால் உள்ளே செம்மை தெரிய வேண்டும். மருதம்பட்டைக்குக் குளக்கட்டில் நிற்கும் மரத்தை எல்லோருக்கும் தெரியும், ஆனால் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். கடையில் வாங்குங்கள்.

வேரையோ பட்டையையோ வெயிலில் காயவைத்து, இடித்து, மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். மா சல்லடை போதாது. சிறு நார் ஒன்று தோலைக் கீறினாலும் அந்தக் கீறலும் கறுக்கும். சலித்த தூள் ஒரு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி, இறுக்கமாக இருந்தால் சில துளி பன்னீர். சீனிப்பாணி கலந்த தேன் பிசுபிசுப்பைத் தவிர வேறெதையும் தராது. மஞ்சிட்டிக் கறை துணியில் போகாது, பழைய துவாயை எடுத்து வையுங்கள்.

எந்த லேபமானாலும் முதலில் முழங்கை மடிப்பின் உட்புறம் சிறிது பூசி, இருபது நிமிடத்தில் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ அது முகத்துக்கு வேண்டாம். பூசும் நேரம் பின்னேரம், வெயில் சாய்ந்த பிறகு. கறுப்பு உள்ள இடத்தில் மெல்லிதாகப் பூசி பதினைந்து நிமிடம் விடுங்கள். லேபம் முகத்தில் இருக்கும்போது பேசாதே, நெருப்பண்டை போகாதே, கவலைப்படாதே, கோபப்படாதே என்று அட்டாங்க இருதயம் என்ற ஆயுர்வேத நூல் சொல்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கடைசி இரண்டும் நடக்கிற காரியமில்லை. அதே நூல் சொல்லும் இன்னொன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: காய விடக் கூடாது. ஓரம் வெளுக்கத் தொடங்கும்போதே தண்ணீர் தெளித்து, ஊறவைத்து, தேய்க்காமல் வழித்தெடுங்கள். இறுகக் காய்ந்ததை உரஞ்சிக் கழுவுகிறவர்களுக்குத்தான் “லேபம் போட்டுக் கூடிப்போச்சு” என்று வருகிறது. வாரத்துக்கு மூன்று தடவை போதும். தினமும் பூசினால் தோல் வறண்டுவிடும்.

தேசிக்காய் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே எழும், ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சீனி போட்டுத் தேய்ப்பது, பற்பசை பூசுவது எல்லாம் இதே வரிசை. சாதிக்காய் பழைய நூல்களில் உள்ளதுதான், ஆனால் மெல்லிய தோலை எரிக்கும். வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

குங்குமாதித் தைலம் விலை கூடியது. அதில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி முதலானவை எண்ணெயில் காய்ச்சப்படுகின்றன. மலிவாகக் கிடைத்தால் குங்குமப்பூ இருக்காது. இரவு மூன்று, நான்கு துளி. வறண்ட தோலென்றால் விடியும்வரை விடலாம். எண்ணெய்த் தோலுக்கு அரை மணித்தியாலத்தில் பயற்றம்மாவால் கழுவிவிடுங்கள். வியர்வையோடு எண்ணெயும் அடைத்துப் பரு வந்தால், பரு ஆறிய இடம் புதிய கறுப்பு.

ஒரு வாரத்தில் முகத்தை வெளுப்பாக்கும், பெயர்ச்சீட்டில் சேர்மானம் எழுதாத “ஆயுர்வேதக் கிறீம்” எதையும் தொடாதீர்கள். அப்படி வேலை செய்வது பெரும்பாலும் பாதரசம் அல்லது ஸ்டீரொயிட். முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பின்னது தோலை மெல்லிதாக்கி, நிறுத்தியதும் முன்னையைவிடக் கறுக்க வைக்கும்.

உள்ளுக்குக் குடிக்கும் கசாயத்தைத் தானாகத் தொடங்க வேண்டாம். இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் வருகின்றன, ஆகவே பரியாரியாரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் குறையில்லை. அவர் தரும் கசாயப் பொதி வழமையாக 12 கழஞ்சு, அதாவது 60 கிராம். 1920 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, மண்சட்டியில், மூடாமல், இளந்தீயில் 240 மில்லிலீற்றராக வற்றவைத்து, காலையில் பாதி, மாலையில் பாதி குடிக்க வேண்டும். பெருந்தீயில் அவசரமாக வற்றவைத்தால் சரக்கின் சத்து இறங்காது. பொதியில் அதிமதுரம் இருந்தால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது அழுத்தத்தைக் கூட்டும்.

தொடங்கும் நாளில் படம் ஒன்று எடுத்து வையுங்கள், பிறகும் அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடி தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. மேல்தோலில் உள்ள கறுப்பு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மெலியும். சாம்பல் ஓடி ஆழத்தில் இருப்பது லேபத்துக்கு அவ்வளவாக இளகாது, அதற்குத் தோல் வைத்தியரைப் பாருங்கள். மெலிந்த பின் வாரம் ஒருமுறை பருப்பு லேபம் போதும், தொப்பியை மட்டும் கைவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வரும் மங்கு பிள்ளை பிறந்து சில மாதத்தில் பலருக்குத் தானாகவே குறைவதால், அதுவரை பருப்பும் நிழலும் போதும். மஞ்சிட்டி உள்ளுக்கு ஆகாது.