ஆர்பெஜியோவும் கட்டைவிரலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியானோவில், சுரங்களை அடுத்தடுத்து வரிசையாக வாசிப்பது ஸ்கேல்; இடையில் உள்ள சுரங்களைத் தாண்டி, ‘சி, ஈ, ஜி’ என ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது ஆர்பெஜியோ. ஸ்கேல் வாசித்துப் பழகிய முறையிலேயே ஆர்பெஜியோவையும் வாசிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர். சி மேஜர் ஸ்கேலில் வலது கையின் மூன்றாம் விரல் (கட்டைவிரலை ஒன்று என எண்ணினால், நடுவிரல்) ‘ஈ’யில் இருக்கும்போது, கட்டைவிரல் போக வேண்டியது பக்கத்திலேயே உள்ள ‘எஃப்’புக்கு. ஆர்பெஜியோவில் மூன்றாம் விரல் ‘ஜி’யில் நிற்க, கட்டைவிரல் ‘ஏ’யையும் ‘பி’யையும் தாண்டி மேல் ‘சி’க்குப் போக வேண்டும். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் சுமார் 2.3 செ.மீ. என்றால், இது ஏறக்குறைய 7 செ.மீ. பயணம்.

இத்தனை தூரத்தைக் கட்டைவிரல் தனியாகக் கடக்கட்டும் என்று விடுவதே தலையாய தவறு. அதை உள்ளங்கைக்குக் கீழே மடக்கி, சுண்டுவிரலின் அடிப்பகுதிவரை கொண்டுபோய், மற்ற விரல்களை வேகமாக ஆட்டிப் பாருங்கள். கை முழுவதும் இறுகிவிடும். அந்த இறுக்கத்தோடுதான் பலர் ஒவ்வொரு ஆக்டேவையும் (ஒரு ‘சி’யிலிருந்து அடுத்த ‘சி’ வரையிலான தொலைவு) கடக்கிறார்கள். தூரத்தைக் கடக்க வேண்டியது முன்கை. ‘ஜி’ ஒலிக்கும்போதே முன்கை மேல்சுரங்களை நோக்கி நகரத் தொடங்கிவிட்டால், கட்டைவிரல் சற்றே மடங்கினால் போதும். எட்டாத தூரத்தை எட்டுவதற்காக முழங்கையைச் சிறகுபோல் வெளியே வீசும் பழக்கமும் இதில் தானாகவே குறையும்.

வேகமாக வாசிக்கும்போதும் ‘ஜி’யை விடாமல் பிடித்துக்கொண்டே ‘சி’யைத் தொட்டாக வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொன்று. மெதுவான பயிற்சியில் அது நடக்கும். வேகம் கூடியதும், கையை எடுத்து அடுத்த இடத்தில் வைப்பதுதான் நடைமுறை. நேரம் தவறாவிட்டால், அந்த நூலிழை இடைவெளி காதுக்குத் தெரியாது. ஒலியை நீட்டித்துவைக்கும் பெடல் இருந்தால் கவலையே இல்லை. 1833இல் வெளியான, இசையமைப்பாளர் ஷோபனின் முதல் எட்யூடில் (பயிற்சிக்கான இசைப்படைப்பு), வலது கை ஆர்பெஜியோக்களாகவே ஓடுகிறது. ஆனால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைவதில்லை. கைதான் விரிந்து இடம் மாறிக்கொண்டே போகிறது. அதற்காக அதை முதல் வருட மாணவரிடம் கொடுத்துவிடாதீர்கள்!

கட்டைவிரல் தொப்பென்று விழுந்து, அதன் சுரம் மட்டும் உரக்க ஒலிப்பதும் வழக்கமான குறை. மணிக்கட்டு தாழ்ந்துபோய், விரல் முழுவதும் கட்டைமேல் படுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். நகத்தின் ஓரப்பகுதி மட்டும் பட்டால் போதும். சி மேஜரில் மூன்று சுரத்துக்கு ஒருமுறை கட்டைவிரல் வருவதால், நான்கு நான்காகப் பிரித்து முதல் சுரத்தை அழுத்தி வாசியுங்கள். அழுத்தம் வெவ்வேறு விரல்களுக்கு மாறிப் போகும்; கட்டைவிரலின் அதிகாரம் அடங்கும்.

இறங்கும்போது தவறு வேறு வகை. மூன்றாம் விரல் மேலாகக் கடந்து ‘ஜி’யை அடைந்த பிறகும், கட்டைவிரல் ‘சி’யை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். தன் சுரம் முடிந்ததும் அது விலகிவிட வேண்டும்.

கறுப்புக் கட்டையில் தொடங்கும் ஆர்பெஜியோவைக் கட்டைவிரலால் தொடங்கவும் அவசரப்படாதீர்கள். பி ஃபிளாட் மேஜரில் வலது கை இரண்டாம் விரலில் தொடங்கி, ‘டி’யில்தான் கட்டைவிரலை வைக்கும். எல்லாமே கறுப்பாக உள்ள எஃப் ஷார்ப் மேஜர் இதற்கு விலக்கு.

வீட்டில் எலக்ட்ரானிக் கீபோர்டில் பழகுபவர்கள், விரலின் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக்குறையும் வசதி அதில் இருந்தால், அதை இயக்கி வைத்தே பயில வேண்டும். அது அணைந்திருந்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஒலிக்கும். கட்டைவிரலின் குட்டு, தேர்வு அறையின் பியானோவில்தான் வெளிப்படும்.