தன்னார்வலர் குழுவில் பொறுப்பாளர்களை உருவாக்குவது எப்படி: ஒரு நீர்மோர்ப் பந்தலை வைத்துச் செய்முறை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் வேளச்சேரியில் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. அங்கே சாப்பாடு கொண்டுபோவதற்காக ஒரே இரவில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். மறுநாள் காலை 43 பேர் வந்து நின்றார்கள். 160 சாம்பார் சாதப் பொட்டலங்கள் கட்டினோம். "பிள்ளையார் கோயில் தெருவுக்குக் கொண்டுபோங்கள்" என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தெருக்கள் இரண்டு. பொட்டலங்கள் அத்தனையும், ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்த தெருவில் போய் இறங்கின. மற்றத் தெருவில் மொட்டை மாடியில் நின்றவர்கள் மாலை 4 மணிவரை காத்திருந்தார்கள்.

எந்தத் தெரு என்ற சந்தேகம் அன்றைக்கே மூன்று பேருக்கு வந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்தேன். மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம், அண்ணா."

அந்த 'அண்ணா'விடமிருந்து குழுவை விடுவிக்க எனக்கு இரண்டு கோடைகள் பிடித்தன. எப்படி என்று எழுதுகிறேன். ஆட்களைச் சேர்ப்பது பற்றி இதில் எழுதவில்லை. சென்னையில் அது பெரிய பாடு இல்லை. பக்கத்துக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பார்த்தால் போதும். அத்திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மணிக்கணக்குக்காக வருகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வரட்டுமே. எங்கள் குழுவின் மிகச் சிறந்த இரண்டு பொறுப்பாளர்கள் மணிக்கணக்குக்காக வந்தவர்கள்தான்.

படி 1: வெள்ளம் வருவதற்கு முன் மோர் ஊற்றுங்கள்

வெள்ள நிவாரணம் பழகும் இடம் அல்ல. அங்கே தவறு நடந்தால் யாரோ பட்டினி கிடப்பார்கள். பழகுவதற்கு, கெட்டுப்போனாலும் கொஞ்சம் தயிர் மட்டுமே வீணாகும் வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுத்தது நீர்மோர்ப் பந்தல். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கியதும் ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1 மணிவரை. ஒரே வேலை நான்கு வாரம் திரும்பத் திரும்ப வருவதால், இந்த வாரம் கற்றதை அடுத்த வாரமே சோதித்துப் பார்க்கலாம். மரம் நடும் விழாவில் இந்த வசதி இல்லை. நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

கணக்கு இதுதான்: 10 லிட்டர் தயிர், 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. மொத்தம் 50 லிட்டர் மோர், 200 மில்லி டம்ளரில் 250 பேருக்கு வரும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு, பெருங்காயம். ஐஸ் பாரை மோருக்குள் போடாதீர்கள், அது குடிநீரில் செய்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அகன்ற தொட்டியில் ஐஸைக் கொட்டி, அதன் நடுவே மோர் அண்டாவை வையுங்கள். காகித டம்ளர் என்ற பேச்சே வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எனவே எவர்சில்வர் டம்ளர்தான். எவர்சில்வர் என்றால் யாராவது கழுவ வேண்டும். அந்த வேலை எவ்வளவு பயனுள்ளது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள்

மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் காட்டிய பலத்தில் ஒருவருக்குப் பாதி அளவே தேறியது. ஒரே நேரத்தில் இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம், இன்னொருவன் இழுப்பான் என்ற நினைப்பு இன்னொன்று. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கையை வடத்தில் வைத்துக்கொண்டு சும்மா நடந்து வருபவர்கள் எத்தனை பேர் என்று மயிலாப்பூரில் பங்குனித் தேரன்று எண்ணிப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் 1970களில் காட்டுத்தீ அணைப்புக்காக உருவாக்கிய ஒரு நிர்வாக முறை, ஒரு பொறுப்பாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர், ஐந்தே உத்தமம் என்கிறது. நானும் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். பந்தலுக்கு 15 பேர் போதும். சாமான் வாங்கும் குழு, மோர் கலக்கும் குழு, ஊற்றிக் கொடுத்து டம்ளர் கழுவும் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். வாரா வாரம் பொறுப்பாளர் மாற வேண்டும். சென்ற வாரம் பொறுப்பாளராக இருந்தவர் இந்த வாரம் டம்ளர் கழுவுவார், விதிவிலக்கு இல்லை. கழுவி முடித்தவர் அடுத்த முறை ஆட்களை விரட்டுவதில்லை. கழுவுபவருக்கு நிழல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்.

படி 3: வேலையைக் கொடுக்காதீர்கள், முடிவைக் கொடுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு, ஊற்றும் குழுவின் பொறுப்பாளராக ஒரு கல்லூரிப் பையனை நிறுத்தினேன். அரக்கோணத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து வருபவன், அதிகம் பேசமாட்டான். ஓர் ஆட்டோ ஓட்டுநர் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். பையன் கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தான். "அண்ணா, இரண்டாவது டம்ளர் கொடுக்கலாமா?" கொடு என்றேன். கால் மணி நேரம் கழித்து ஒரு பாட்டி பாட்டிலை நீட்டினார், வீட்டில் தாத்தாவுக்கு வேண்டுமாம். மறுபடியும் என் முகம். வரிசை நீண்டபோது மறுபடியும். ஒரு மணி நேரத்தில் 11 முறை என்னைப் பார்த்தான். எனக்கு எரிச்சல் வந்தது. பொறுப்பு கொடுத்த பிறகும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்?

அன்றிரவு யோசித்தபோதுதான் புரிந்தது. நான் அவனுக்குக் கரண்டியைக் கொடுத்திருந்தேன், பொறுப்பைக் கொடுக்கவில்லை. இரண்டாவது டம்ளர் யாருக்கு, பாட்டிலில் கொடுக்கலாமா, தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதெல்லாம் என்னிடமே இருந்தன. போதாததற்கு நானும் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மூன்றடியில் 'அண்ணா' நிற்கும்போது எந்தப் பையனும் தானாக முடிவெடுக்கமாட்டான். வீட்டில் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தால் நாம் எடுத்தோமா?

அடுத்த வாரமும் அதே பையன்தான் பொறுப்பாளர், வாரா வாரம் மாற்றும் விதி அப்போது இன்னும் வரவில்லை. ஆனால் மூன்று விஷயங்களை மாற்றினேன். ஒன்று, என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்: "1 மணிவரை மோர் இருக்க வேண்டும், வரிசையில் நின்ற ஒருவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது." எப்படி என்பது அவர்கள் பாடு. இரண்டு, பணம். சாமான் குழுப் பொறுப்பாளரின் கையில் சனிக்கிழமையே 2,000 ரூபாயைக் கொடுத்துவிட்டேன். எந்தக் கடை, எவ்வளவு, என்ன பேரம் என்று கேட்கவில்லை, ஞாயிறு மாலை சீட்டுகளும் மீதியும் வந்தால் சரி. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் பகிர்ந்துகொடுக்கும் தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குழுவில் அவர்கள் ஊருக்குப் போனால் எதுவும் நடக்காது. மூன்று, நான் இடத்தைவிட்டுப் போனேன். எதிரே டீக்கடை. பந்தலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கைப்பேசியில் அழைக்கலாம், ஆனால் இரண்டே காரணங்களுக்கு: யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அல்லது தகராறு வந்தால்.

முதல் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. இரண்டு டீ குடித்தேன். 12.15க்கே மோர் தீர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. பையன் என்னை அழைக்கவில்லை. பக்கத்துக் கடையில் 2 லிட்டர் தயிர் வாங்கி, இருந்த தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் நீர்த்துப்போன மோராகவே ஒரு மணிவரை ஓட்டியிருக்கிறான். நானாக இருந்தால் "தீர்ந்தது" என்று பலகை மாட்டியிருப்பேன்.

படி 4: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் வட்டமாக நில்லுங்கள். "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரே பதில்தான், தலையாட்டல். மாறாக, "நீ என்ன செய்யப் போகிறாய், சொல்" என்று கேளுங்கள். எங்கே, எப்போது, யாரோடு. பிள்ளையார் கோயில் தெரு என்று நான் சொன்ன அன்று யாராவது ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லியிருந்தால், "எந்தப் பிள்ளையார் கோயில்?" என்ற கேள்வி அங்கேயே விழுந்திருக்கும்.

படி 5: பாத்திரம் கழுவும் முன் பேசிவிடுங்கள்

முடிந்தவுடன் 15 நிமிடம். என்ன நடக்க வேண்டுமென்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த வாரம் எதை மாற்றுவது. அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கேட்கும் கேள்விகள் இவை, மோருக்கும் பொருந்துகின்றன. என்னுடைய ஒட்டு இரண்டு: புதிதாக வந்தவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். நான் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெயரைச் சொல்லிக் குறை கூறக் கூடாது. "அவன் தாமதமாக வந்தான்" அல்ல, "ஐஸ் 10.40க்கு வந்தது". பாராட்டைப் பெயர் சொல்லியே செய்யலாம்.

கருவிகள்

வாட்ஸ்அப்பில் 43 பேர் உள்ள குழு எதற்கும் உதவாது. வணக்கம் சொல்லும் படங்களில் ஐஸ்காரரின் எண் மூழ்கிவிடும். நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று, ஐந்து பேர் குழுக்கள் தனித்தனியாக. கணக்குக்கு எக்செல் நன்றாகத் தெரிந்தவன்தான் நான், பிழைப்பே அதில்தான். ஆனாலும் பந்தலுக்கு 80 பக்க நோட்டுதான் வேண்டும். ஈரக் கையோடு எழுதலாம், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், ஒருவருடைய கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் அதுவும் சேர்ந்து தீராது. இடப்பக்கம் வரவு செலவு. வலப்பக்கம், பொறுப்பாளர் அடுத்த வாரப் பொறுப்பாளருக்கு எழுதும் குறிப்பு. நன்கொடையைத் தனிநபரின் கணக்கில் ஜிபே மூலம் வாங்குவதானால், அன்று இரவே நோட்டில் ஏற்றி இருவர் கையெழுத்திட வேண்டும். நம்பிக்கை இல்லாமல் இல்லை. நட்பு கெடாமல் இருக்கத்தான்.

பின்சேர்க்கை 1: பெரியவர்கள்

இதைப் படித்த ஒரு மாணவி கேட்டிருந்தார்: "எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். நான் பொறுப்பாளராக இருந்தாலும் அவரே எல்லாருக்கும் வேலை சொல்கிறார். என்ன செய்வது?" எங்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. இருபது வயதுப் பெண் அறுபத்தைந்து வயதுக்காரரிடம் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்வது நம் வாயில் வராது, வரவும் வேண்டாம். "ஐயா, கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது" என்று முதல் நாளே அவருக்கென ஒரு முழு வேலையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஐயா இப்போது ஐம்பது காசு பிசகினாலும் விடமாட்டார், மோர் ஊற்றும் பக்கம் தலைகாட்டுவதும் இல்லை.

பின்சேர்க்கை 2: டீக்கடை

இன்னொருவர் எழுதியதைப் படித்து எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்தாவது படியை நான் முதலில் எழுதியபோது, பேச்சை "இரவு 8 மணிக்கு டீக்கடையில்" வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். "அந்த நேரத்தில் அந்தக் கடையில் எத்தனை பெண்கள் நிற்பார்கள்?" என்று அவர் கேட்டார். எங்கள் நோட்டைப் புரட்டினேன். முதல் கோடை முழுக்க ஒரு பெண்கூடப் பொறுப்பாளராக இருந்ததில்லை. வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த வாரம் யார் பொறுப்பு என்று முடிவானது டீக்கடையில், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு. அதனால்தான் இப்போது பாத்திரம் கழுவும் முன்பே, பந்தலிலேயே பேசுகிறோம், மேலே திருத்திவிட்டேன். டீக்கடையில் அரட்டை மட்டும், முடிவு கிடையாது.

இந்த ஆண்டு கத்திரியின் முதல் ஞாயிறன்று நான் சென்னையில் இல்லை. திரும்பி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் பச்சை மையில், எனக்குப் பழக்கமில்லாத கையெழுத்தில் எழுதியிருந்தது: "டம்ளர் 60 போதவில்லை, 80 வேண்டும். ஐஸ்காரர் 9 மணிக்கு மேல் வரமாட்டார், சனிக்கிழமையே சொல்லிவிடவும். பாட்டிலோடு வரும் பாட்டிக்குக் கேட்காமலே ஊற்றவும்."