டேட்டிங் ப்ரொஃபைலில் குரூப் போட்டோ: எங்கே தவறுகிறோம்?

பாலக்காடு, சித்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் ஓணத்துக்கு எடுக்கும் குரூப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் எல்லோரும் கசவு வேட்டி, பெண்கள் எல்லோரும் கசவுப் புடவை. அதை டேட்டிங் ஆப்பில் முதல் படமாக வைத்தால், பார்க்கிறவருக்கு அதில் நீங்கள் யார் என்றே தெரியாது. சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் கூட்டமாக நின்ற படமும் அப்படித்தான். யாரும் உட்கார்ந்து தேட மாட்டார்கள், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். முதல் படத்தில் நீங்கள் மட்டும் இருங்கள், முகம் தெளிவாக.

குரூப் போட்டோவே கூடாது என்றில்லை. நண்பர்களோடு சிரிக்கும் படம் உங்கள் சுபாவத்தைச் சொல்லும். ஹிஞ்சில் 6 படம், டிண்டரில் 9 வரை போடலாம். அதில் குரூப் போட்டோ ஒன்றிரண்டு போதும், அதிலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

கல்யாண வீட்டில் அத்தை மகளோடு ஜோடியாக நின்ற படம் வேறு வம்பு. நம் பக்கத்தில் அதைப் பார்த்ததும் முறைப்பெண், பேசி முடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். தங்கையோடு எடுத்த படம் என்றால், தங்கை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பழைய காதலியை வெட்டிவிட்டு, தோளில் அவர் கை மட்டும் மிஞ்சிய படத்தைப் போடவே போடாதீர்கள். குழந்தை மட்டும் தனியாக இருக்கும் படத்தை டிண்டரே அனுமதிப்பதில்லை. நீங்கள் கூட இருந்தாலும், அடுத்தவர் வீட்டுக் குழந்தை என்றால் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கூட நிற்கிறவரைக் கேட்காமல் போடுவது. ஆப்பில் 50 கிலோமீட்டர் என்று தூரம் வைத்தால் அது மாநில எல்லையான வாளையாரில் நின்றுவிடாது. கொழிஞ்சாம்பாறையில் இருப்பவருக்குப் பொள்ளாச்சி, கோவை ஆட்களும் வருவார்கள், அவர்களுக்கு நீங்களும் வருவீர்கள். இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உள்ள ஊர் இது. உங்கள் தோழி அந்த ஆப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். அவர் முகத்தை அங்கே ஒரு தெரிந்தவர் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால், வீட்டில் கேள்விக்கு நிற்கப்போவது அவர்தான். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமாக இருந்தால் எவ்வளவு வேதனை என்று யோசியுங்கள். முகத்தின் மேல் ஸ்மைலி ஒட்டுவதும் காப்பாற்றாது. புடவையையும் நிற்கிற விதத்தையும் வைத்தே உறவுக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னால் நிற்கும் ஸ்கூட்டியின் நம்பர் பிளேட், கழுத்தில் தொங்கும் காலேஜ் ஐடி கார்டு, இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது "உன் போட்டோ ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தப் படம், எந்த ஆப் என்று காட்டிக் கேளுங்கள். தயங்கினால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். வற்புறுத்தாமல் வேறு படம் தேடுங்கள். சரி என்று சொன்னவருக்கே நாளைக்குக் கல்யாணம் நிச்சயமாகலாம். அப்போது அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அந்தப் படத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.