சூழல் சுற்றுலாவா? முதல் கோடு ஊர்க்காரர் கிழிக்கட்டும்

சூழல் சுற்றுலா, அதாவது இயற்கையையும் ஊரையும் கெடுக்காமல் நடத்தும் சுற்றுலா தொடங்க, காட்டை ஒட்டிய ஊரில் முதல் கூட்டம் போடும்போது அச்சடித்த திட்டத்தைக் கையில் கொண்டு போகாதீர்கள். அதைப் பார்த்ததுமே, எல்லாம் முடிவாகிவிட்டது, நம்மிடம் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று நினைத்துவிடுவார்கள், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

பதிலாக, தரையில் குச்சியால் கோடு கிழித்து வரையச் சொல்லுங்கள். ஓடை எங்கே, விறகுக்குப் போகும் தடம் எது, மேய்ச்சல் எதுவரை, விலங்குகள் தண்ணீருக்கு இறங்குவது எந்தப் பக்கம், சாமி இருப்பது எங்கே. பெண்களைத் தனியாக வரையச் சொன்னால் வேறொரு காடே வெளியே வரும். ஆண்கள் பொட்டலாக விட்ட இடத்தில் மூலிகையும் கிழங்கும் இருக்கும். வரைந்து முடித்ததும் முதல் கேள்வி, வெளியாள் எங்கெல்லாம் வரக்கூடாது? பாதை, தங்குமிடம் எல்லாம் அப்புறம்.

கூட்டத்தை வேலை முடிந்து வரும் நேரத்தில் வையுங்கள். ஊர்த் தலைவரும் வண்டி வைத்திருப்பவரும் மட்டும் பேசினால் அது ஊர்க் கருத்து ஆகாது, நிலமில்லாதவர்களையும் மேய்ப்பவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேளுங்கள்.

சரி, பணம். இதைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் பெரிய தப்பு. நேபாளத்தில் தேசியப் பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் சுற்றியுள்ள மக்களின் மேம்பாட்டுக்கு என்று சட்டமே சொல்கிறது. நமீபியாவில் 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிராமங்கள் வனவிலங்குக் காப்பகம் அமைத்து, சுற்றுலா வருமானத்தைத் தாங்களே பெற முடிகிறது. உங்கள் பகுதியில் அப்படிச் சட்டம் இல்லையென்றால் பங்கு எவ்வளவு, யார் கையில் வரும், கணக்கை எப்போது ஊர் முன்னால் வாசிப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாலு பேருக்கு வழிகாட்டி வேலை கொடுப்பதைப் பங்கேற்பு என்று ஏமாற வேண்டாம்.

‘வேண்டாம்’ என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். பழங்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனம் கேட்பது வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, விவரம் முழுக்கத் தெரிந்து தரும் சம்மதம். இதில் ‘முன்கூட்டியே’ என்பதுதான் வழக்கமாகக் காணாமல் போகும்.

எத்தனை பேரை விடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எவ்வளவு மாற்றம் வரை பொறுக்கலாம் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களே கயிறு பிடித்துப் பாதையின் அகலத்தை ஒரே இடத்தில் அளக்கட்டும். குறித்த அளவைத் தாண்டினால் அந்தத் தடத்தை மூடலாம், அதற்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.